காளான் கையேட்டுக்குக் கலைச்சொல்: படுக்கை ஈரமும் அறை ஈரமும்

கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் சிப்பிக்காளான் வளர்ப்பது பற்றிய கையேடு வியாழனன்று அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கல். "ஈரப்பதம் 65% இருக்கட்டும்" என்று ஒரு பக்கம் சொல்கிறது, "ஈரப்பதம் 85 முதல் 95% வரை" என்று அடுத்த பக்கம் சொல்கிறது. முதலாவது காளான் வளரும் வைக்கோல் படுக்கையில் உள்ள நீர், இரண்டாவது அறைக் காற்றின் நிலை. சரிபார்த்த ஒருவர், மொட்டு விட்டதும் படுக்கையை 90% வரை நனைக்கச் சொல்வதாகவே புரிந்துகொண்டார். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

காளான் வளர்ப்பவர்

அவசரமான கேள்விதான், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில் படுக்கையே போய்விடும். வைக்கோலின் இடைவெளிகளில் நீர் தேங்கினால் காற்று நுழையாது. வைக்கோலில் பரவும் காளான் இழையின் வளர்ச்சி நின்றுவிடும், புளித்த வாடை வரும், பையின் அடியில் மஞ்சள் நீர் சேரும்.

படுக்கைக்குக் கணக்கு எளிது. காய்ந்த வைக்கோலிலேயே பத்து விழுக்காடு நீர் இருப்பதாகக் கொண்டால், 1 கிலோவில் உலர்பொருள் 900 கிராம். அதை 65%-க்குக் கொண்டுவர மொத்த எடை ஏறத்தாழ 2.57 கிலோ ஆக வேண்டும், அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் நீர் ஏற வேண்டும். வெந்நீரில் பதப்படுத்தி வடித்தபின் ஒரு கைப்பிடியை இறுகப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு விழுந்தால் சரி, தாரையாக ஒழுகினால் இன்னும் வடிய வேண்டும்.

காற்றுக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது. ஆகவே என் முன்மொழிவு: படுக்கை ஈரம், காற்றீரம்.

தமிழாசிரியர்

காற்று வன்றொடர்க் குற்றியலுகரம். உயிர்வரின் உகரம் கெடும், எனவே காற்றீரம் புணர்ச்சியில் சரி. ஆனால் 'பதம்' என்ற சொல்லை இருவரும் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். பதம் என்றால் ஒரு பொருள் பயன்பாட்டுக்கு ஏற்ற நிலையை அடைவது. பாகு பதம், சோற்றுப் பதம், உழவுக்கு மண்ணின் பதம். கையால் தொட்டுச் சொல்லக்கூடிய நிலை அது. அந்த வகையில் ஈரப்பதம் வைக்கோலுக்குத்தான் உரியது. காற்றுக்கு அதைக் கொடுத்ததே பொருந்தாத செயல்.

காற்றுக்கு 'ஈர்மை' என்று ஆக்கலாம். சங்க இலக்கியத்தில் 'ஈர்ந்தண்' என்று வருவதை நினைவுகூருங்கள்: ஈரமும் தண்மையும் சேர்ந்தே நிற்கின்றன. குறள் 91-இல் ஈரம் அன்பாகவே ஆகிவிடுகிறது. இத்தனை ஆழமுள்ள வேரை விட்டுவிட்டு 'படுக்கை ஈரம்' என்று ஒட்டுப்போடுவது ஏன்? வளி என்றால் காற்று; வளியீர்மை என்பதே என் பரிந்துரை.

காளான் வளர்ப்பவர்

ஐயா, வேர் ஆழமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டை வைத்துக்கொண்டு ஈரக்கையோடு காளான் பெட்டிமுன் நிற்பவருக்கு வளியீர்மை புரியாது. அகராதியைத் தேடப் போகும் நேரத்தில் மொட்டு காய்ந்துவிடும்.

இலங்கையிலிருந்து எழுதும் உறுப்பினர்

காற்றின் ஈரத்துக்கு எங்கள் பாடநூல்களில் 'சாரீரப்பதன்' இருக்கிறதே. சார் + ஈரப்பதன். அறம், அறன் போல இதுவும் கடைப்போலிதான். ஏற்கெனவே மாணவர்கள் படித்த சொல் இருக்கும்போது புதிதாக ஆக்க வேண்டுமா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்

நல்ல சொல்தான். ஆனால் பழக்கமில்லாத வாசகர் அதைச் சாரீரம், அதாவது குரல், என்று பிரித்துப் படிப்பார். 'சார் ஈரப்பதம்' என்று இடம்விட்டு எழுதினாலும் 'ஈரப்பதம்' திரும்ப வந்துவிடுகிறது. குழப்பமே அதில்தான்.

இயற்பியல் ஆசிரியர்

'சார்' என்பதை உதறிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறைவுற்ற காற்றில், அதாவது இனி நீராவி ஏற்காத காற்றில், ஒரு கன மீட்டருக்கு 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கும், 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம். நீர் எதுவும் இல்லாத மூடிய பெட்டியில் 20 பாகையில் 90% இருந்தால், அதை 30 பாகைக்குச் சூடாக்கியதும் ஈரத்தை அளக்கும் மானி 50-ஐ ஒட்டி இறங்கிவிடும். நீராவி துளியும் குறையவில்லை. காற்றீரம் என்று எழுதினால் "ஈரம் எங்கே போனது?" என்று கேட்பார்கள். அது அளவு அன்று; அந்த வெப்பநிலையில் நிறைவுறத் தேவையான நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற விகிதம்.

மானியையும் நம்பிவிடக் கூடாது. மலிவான மின்னணு ஈரமானிகள் 90-க்கு மேல் தடுமாறும். ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளி நீரில் குழைத்து (உப்பு கரைந்துவிடாமல் சேறாக இருக்க வேண்டும்), மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாப் பையில் அரைநாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் 5-ஐக் கூட்டிப் படியுங்கள். மானியைப் படுக்கை உயரத்தில், தெளிப்பு நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள்.

தமிழாசிரியர்

மானியை ஈரமானி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், ஈரப்பதமானி என்று எழுதவில்லை. என் பக்கம் அரைவாசி வந்துவிட்டீர்கள்.

காளான் வளர்ப்பவர்

விகிதம் என்பதை ஏற்கிறேன். ஆனால் மானி காட்டும் விழுக்காட்டை மட்டும் துரத்துவதால் வரும் கேட்டையும் கையேடு சொல்ல வேண்டும். 95-ஐ எட்டவேண்டும் என்று காளான் குடைகள் மீதே தெளித்து, காற்றோட்டத்தையும் அடைத்தால், நீர் மணிக்கணக்கில் தங்கிப் பாக்டீரியா மஞ்சள், பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். கரியமில வாயு சேர்ந்து காம்பு நீளும், குடை சிறுக்கும். மறுபுறம் மொட்டு பழுப்பு நிறமாகிச் சுருங்கினால், குடை விளிம்பு வெடித்தால், வறட்சி. சுவரிலும் தரையிலும் தெளியுங்கள், முதலில் விசிறிக் காற்றை மாற்றிவிட்டுப் பிறகு தெளியுங்கள்.

அறைக்குப் பதிலாகக் காளான் வளர்க்கும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: ஆறு பக்கமும் 5 செ.மீ. இடைவெளியில் 6 மி.மீ. துளைகள், அடியில் 10 செ.மீ. நனைத்து வடித்த பெர்லைட் (நீரைப் பிடித்துவைக்கும் எடை குறைந்த வெண்கல் துகள்). பெட்டியை நான்கு கட்டைமேல் தூக்கி வைக்க வேண்டும். தரையோடு ஒட்டினால் அடித்துளைகள் அடைபட்டு, பெர்லைட் வழியே காற்று ஏறாது.

தமிழாசிரியர்

பெர்லைட்டுக்கும் ஒரு சொல்...

கையேட்டை மொழிபெயர்ப்பவர்

ஐயா, அதை அடுத்த பதிப்புக்கு வைத்துக்கொள்வோம். நேரமில்லை. இப்போதைக்கு: வைக்கோலுக்கு 'படுக்கை ஈரம்', அறைக்குக் 'காற்றீரம்'. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "சார் ஈரப்பதம் எனப்படும் விகிதம்" என்று ஒரு வரி விளக்கம். பெரும்பாலோர் இதற்கு இசைந்துவிட்டீர்கள்.

இயற்பியல் ஆசிரியர்

என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். காற்றீரம் என்றே அச்சிடுவதானால், ஒவ்வொரு விழுக்காட்டின் பக்கத்திலும் வெப்பநிலையையும் அச்சிடுங்கள்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்

அட்டவணையில் ஒரு நிரல் சேர்த்துவிட்டேன்.