முதல் வேட்டைத் துப்பாக்கி: ஒற்றைத் தோட்டாவா, மேகசினா?

வெருலம்_புதுசு
வணக்கம். துப்பாக்கி வைத்திருப்பதற்கான திறன் சான்றிதழ் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் பிரிவு 15-இன் கீழ் (எப்போதாவது வேட்டை, விளையாட்டுச் சுடுதலுக்கான உரிமம்) முதல் ரைபிளுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். வரும் குளிர்காலத்தில் மாமாவோடு குவாசுலு-நட்டாலின் முகூசே பக்கம் ஒரு பண்ணைக்குப் போகிறோம். இம்பாலா, நியாலா மான்கள், அமைந்தால் ஒரு புளூ வைல்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்). கடையில் ஒரு பழைய ரூகர் நம்பர் 1 பார்த்தேன், ஒற்றைத் தோட்டா துப்பாக்கி. மனசு அதிலேயே நிற்கிறது. மாமா போல்ட் ஆக்‌ஷன்தான் (மேகசினில் பல தோட்டா வைத்து, போல்ட்டை இழுத்துத் தள்ளி ஏற்றுவது) வாங்கணும் என்கிறார். எதை வாங்கலாம்?

துகேலாக்கரை
ரூகரையே வாங்குங்கள் தம்பி. போல்ட் முன்னும் பின்னும் ஓட இடம் தேவையில்லை என்பதால், அதே நீளக் குழலுக்கு மொத்தத் துப்பாக்கி ஏறக்குறைய 10 செ.மீ. குட்டை. முகூசே முள்புதருக்குள் குனிந்து போகும்போது அதன் அருமை தெரியும். வேலி தாண்டும்போது விசைக்கு அடியிலுள்ள லீவரை இறக்கினால் போதும், தோட்டா அறை காலி என்பது கூட வருகிற எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதையெல்லாம் விட முக்கியம், இருப்பது ஒரே தோட்டா என்று தெரிந்தவன் சந்தேகமான கோணத்தில் சுடமாட்டான். மான் திரும்பி நிற்கும்வரை பொறுப்பான். மேகசினில் இன்னும் நாலு இருக்கிறது என்ற நினைப்பு கையை அவசரப்படுத்தும்.

ஸ்டேங்கர்_அக்கா
இம்பாலாவுக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணே. ஐம்பது கிலோ மான், ஒரு குண்டு போதும். ஆனால் தம்பி வைல்டபீஸ்ட்டும் கேட்கிறார். அதற்கு இதயம் நெஞ்சின் அடியில், நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கும். தோள் மேடும் பிடரியும் கண்ணை ஏமாற்ற, புதியவர்கள் உயரமாகவே அடிக்கிறார்கள். அடிபட்டது விழாது, மந்தையோடு சேர்ந்து ஓடும். மந்தைக்குள் கலந்துவிட்டால் எது அடிபட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு முன் கிடைக்கிற இரண்டு மூன்று நொடிதான் நமக்கு. போல்ட் என்றால் துப்பாக்கிக் கட்டையைத் தோளிலிருந்து எடுக்காமலே, கண்ணை விலங்கின் மேலேயே வைத்து அடுத்ததை ஏற்றலாம். ஒற்றைத் தோட்டாவில் கை பைக்குப் போகும், கண்ணும் கூடவே கீழே போகும்.

ஒரு துளி ரத்தம் சிந்தினாலும் பண்ணைக்காரருக்கு முழு விலை கொடுக்க வேண்டும். அதைக்கூட விடுங்கள். காயத்தோடு ஒரு உயிர் ராத்திரி முழுக்கப் புதருக்குள் கிடப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

துகேலாக்கரை
நானும் ஏற்கமாட்டேன் அக்கா, அதனால்தான் முதல் குண்டைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டாவது தோட்டாவை இடது கை விரல் இடுக்கில் வைத்துப் பழகினால் பைக்குப் போகவே வேண்டாம். அப்புறம், மேகசின்காரர்களின் இரண்டாவது குண்டு எங்கே போகிறது? ஓடுகிற விலங்கின் பின்புறத்தில். பின்கால் கறி பாழ், பில்டாங் என்னும் உலர்கறிக்குக்கூட ஆகாது. தவறினால் பின்னால் நிற்கும் இன்னொன்றின் மேல் படும். இந்த மண்ணில் வெகுகாலம் மார்ட்டினி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற ஒற்றைத் தோட்டா துப்பாக்கிகளை வைத்துத்தான் பெரிய விலங்கெல்லாம் வேட்டையாடினார்கள்.

ஸ்டேங்கர்_அக்கா
ஆடினார்கள், வேறு இல்லாததால். 1890-களின் பிற்பகுதியில் இங்கே டிரான்ஸ்வால் போயர் குடியரசு 7×57 மவுசர் மேகசின் ரைபிள்களை ஆயிரக்கணக்கில் வாங்கியது. மவுசர் கைக்கு வந்த பிறகு எத்தனை பண்ணைக்காரர்கள் மார்ட்டினிக்குத் திரும்பினார்கள்?

மேரிட்ஸ்பர்க்_இடதுகை
நான் இடதுகைக்காரன். நடு லீவர் துப்பாக்கி எந்தக் கைக்கும் ஒன்றுதான், அதனால் எனக்கு ரூகர் பிடிக்கும். ஆனாலும் முதல் துப்பாக்கியாகச் சொல்லமாட்டேன். வெயிலில் கிடந்து சூடான, அழுத்தம் மிகுந்த தோட்டாவின் வெற்றுக்கூடு அறைக்குள் ஒட்டிக்கொண்டால், போல்ட்டின் திருகு விசை அதைப் பெயர்த்து எடுக்கும். லீவருக்கு அந்தப் பலம் குறைவு. தவிர, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம், பிரிவு 15-இல் அதிகபட்சம் நான்கு. முதல் இடத்தைப் பல வேலைக்கு ஆகிற ஒன்றுக்குக் கொடுப்பதுதான் புத்தி.

வெருலம்_புதுசு
நன்றி. மாமாவிடம் பேசினேன். வைல்டபீஸ்ட் பட்டியலில் இருக்கும்வரை போல்ட்தான் என்று முடிவாகிவிட்டது. பழைய 98 மவுசர் ஒன்று, 308 வகைத் தோட்டாவுக்கானது, பார்த்து வைத்திருக்கிறார். ரூகர் அடுத்த உரிமத்துக்கு.

துகேலாக்கரை
என் கருத்து மாறவில்லை தம்பி. வாங்குவது மவுசர் என்றாலும் முதல் பருவம் மேகசினைக் காலியாக வைத்து, ஒவ்வொரு தோட்டாவாக அறைக்குள் போட்டு வேட்டையாடுங்கள். பொறுமை தானாக வரும்.

ஸ்டேங்கர்_அக்கா
அப்படிச் செய்யாதீர்கள். 98 மவுசரில் கூட்டை வெளியே இழுக்கும் பெரிய நகம், தோட்டா மேகசினிலிருந்து மேலே ஏறும்போது அதன் விளிம்பைப் பிடிப்பதற்காக அமைத்தது. நேராக அறைக்குள் போட்டு போல்ட்டைத் தள்ளினால் விளிம்பைத் தாண்டத் திணறும்; நாளடைவில் நகமே உடையலாம். ஒன்றே ஒன்று போடுவதானாலும் மேகசினுக்குள் அழுத்தி ஏற்றுங்கள். ஒவ்வொன்றாக ஏற்றும் பழக்கம் சுடு பயிற்சி ரேஞ்சோடு இருக்கட்டும், முக்காலி ஊன்றி 100 மீட்டரில். முகூசேயில் மேகசினை நிரப்பிக்கொண்டு போங்கள்.