பாம்புக்கடிக் கட்டுரைகளும் மெஷ் தலைப்புகளும்: என் அனுபவம், உங்களுடையதும் சொல்லுங்கள்

நெல்லைத் தம்பி:

என் தீசிஸ், பாம்புக்கடிக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழப்பதைப் பற்றியது. கண்டதெல்லாம் வந்து குவியக்கூடாது என்று ‘ஸ்னேக் பைட்’, ‘ரீனல் ஃபெயிலியர்’ இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் தேடிக்கொண்டிருந்தேன். பட்டியல் சிறியதாகத்தான் வந்தது. ஆனால் கைடு அதைப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்ப் பழைய பேப்பர் எல்லாம் எங்கப்பா?” என்று கேட்டார்.

வழி கிடைத்தது ஒரு நல்ல கட்டுரையில். சுருக்கத்தைத் தாண்டிக் கீழே போனால் ‘மெஷ் டெர்ம்ஸ்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட, ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து இடும் தலைப்புச் சொற்கள்தான் மெஷ். அதில் ‘ஸ்னேக் பைட்ஸ்’, ‘அக்யூட் கிட்னி இன்ஜுரி’ (திடீர் சிறுநீரகப் பாதிப்பு) இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி. அந்தக் கட்டுரையின் மையப்பொருள் அவைதான் என்று அதற்கு அர்த்தம். இரண்டையும் மெஷ் தலைப்பாகவே கொடுத்துத் தேடினேன். ‘ஆஃபிடாக்ஸீமியா’ (பாம்பு விஷம் ஏறுதல்) என்று தலைப்பிட்ட இந்தியக் கட்டுரைகள் வந்தன! விஷம் ஏறுவதை ‘என்வெனமிங்’, ‘என்வெனமேஷன்’ என்று எழுதியவர்களும் வந்தார்கள். யார் என்ன சொல்லில் எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன.

இப்போது வேறு சிக்கல். எலிக்கு விஷம் செலுத்திய ஆய்வுகளும் சேர்ந்து வருகின்றன. ‘ஹியூமன்ஸ்’ ஃபில்டர் போட்டுவிடலாமா?

நூலகத்து அக்கா:

தம்பி, மேற்கோள் குறிதான் உங்களை மாட்டிவிட்டது. அது இல்லாமல் அடித்தால், பொருத்தமான மெஷ் தலைப்பை பப்மெட் தானாகவே சேர்த்துக்கொள்ளும். குறி போட்டால் அந்த வசதி நின்றுவிடும். அதற்காகத் தானாகச் சேர்ப்பதையே முழுக்க நம்பிவிடாதீர்கள். ‘கோல்ட்’ என்று தேடினால் சளியும் வரும், குளிர்ந்த வெப்பநிலையும் வரும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் வரும் (அதன் ஆங்கிலச் சுருக்கமும் ‘கோல்ட்’தான்). ‘எய்ட்ஸ்’ தேடி வந்த ஒரு மாணவிக்குக் ‘ஹியரிங் எய்ட்ஸ்’ என்னும் காது கேட்கும் கருவிக் கட்டுரைகள் வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஹியூமன்ஸ் ஃபில்டர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அதுவும் மெஷ் குறியை வைத்துத்தான் வடிகட்டுகிறது. மெஷ் குறி இல்லாத கட்டுரை, நோயாளிகளைப் பற்றியதாகவே இருந்தாலும் விழுந்துவிடும். பப்மெட்டில் உள்ள எல்லாமே மெட்லைன் (தேர்ந்தெடுத்த இதழ்களுக்கு மெஷ் தலைப்பு இட்டு வைத்திருக்கும் தொகுப்பு) பதிவுகள் இல்லையே. மெட்லைனில் சேராத இதழ்கள் பல உண்டு, அவற்றில் இந்திய இதழ்களும் உண்டு. அந்தக் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் மெஷ் தலைப்பு கிடையாது. பாம்புக்கடி மாதிரி ஒரு விஷயத்தில், மாவட்ட மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்தவர்கள் எழுதியதை இழந்துவிட்டு என்ன ரிவ்யூ எழுதுவது? எனக்கு இது மனசு பொறுக்காத விஷயம்.

அதனால் மெஷ் தலைப்பையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு இணையுங்கள். ஆஃபிடாக்ஸீமியாவை இரண்டு எழுத்துக்கூட்டலிலும் சேருங்கள். சிறுநீரகத்துக்கும் இதே மாதிரி ஒரு தொகுப்பு. அப்புறம் இரண்டு தொகுப்பையும் ‘ஆண்ட்’ (இரண்டும் இருக்க வேண்டும்) போட்டுச் சேருங்கள். எலி ஆய்வுகளை நீங்களே படித்து விலக்குங்கள், ஒரு சாயங்கால வேலைதான்.

கிராமத்து டாக்டர்:

2022 முதல் மெஷ் தலைப்பு இடுவதைத் தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டார்கள். தலைப்பு சீக்கிரம் கிடைக்கிறது, ஆனால் சில கட்டுரைகளில் பொருந்தாத தலைப்பும் ஒட்டிக்கொள்கிறது. நட்சத்திரம் உள்ளதை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் அங்கேயும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

கண்ணாடி விரியனைத் தனியாகத் தேடினால் ‘டபோயா’ என்ற தலைப்பையும் பாருங்கள் தம்பி. நம் பக்கம் கடித்துச் சிறுநீரகம் போவது அதனால்தான் அதிகம்.

நெல்லைத் தம்பி:

அக்கா சொன்னபடி ஃபில்டரை எடுத்துவிட்டு, இரண்டு தொகுப்பாக ஓட்டினேன். பட்டியல் நீண்டுவிட்டது, நேற்று ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து எலிகளை விலக்கினேன். மெஷ் குறியே இல்லாத ஒரு கட்டுரை, விரியன் கடித்து டயாலிசிஸ் வரை போன நோயாளிகளைப் பற்றியது, அதில்தான் கிடைத்தது. டாக்டர் சார், டபோயாவை இன்று சேர்க்கிறேன்.