சதுரகிரி: மழைக்குப் பின் தாணிப்பாறைப் பாதை எப்படி இருக்கிறது?

செல்லூர் வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வரும் கார்த்திகை அமாவாசையன்று அடிவாரத்திலுள்ள தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலை ஏறி, சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் வணங்கிவிட்டு அன்று மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று என் தந்தையார் விரும்புகிறார். அவருக்கு வயது 58. நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர். இரத்த அழுத்தம், சர்க்கரை ஏதும் இல்லை. ஆனால் படி இறங்கும்போது இடது முழங்காலில் வலி இருப்பதாகச் சில மாதங்களாகச் சொல்லி வருகிறார். இளவயதில் ஆடி அமாவாசைக் கூட்டத்தோடு ஏறியிருப்பதால் பாதை தனக்குத் தெரியும் என்கிறார். அவர் பார்த்தது காய்ந்த பாதை என்பதும், இப்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கிறது என்பதும்தான் என் கவலை.

அண்மையில் ஏறியவர்கள் யாரேனும் இருந்தால், ஓடைகளில் எவ்வளவு நீர் போகிறது, எந்தெந்த இடங்களில் பாறை வழுக்குகிறது, முழங்கால் வலியுள்ள ஒருவர் ஒரே நாளில் ஏறி இறங்குவது நடக்கக்கூடியதா என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

வத்திராயிருப்பு உழவர்:

வணக்கம். எங்கள் வயலில் நின்று பார்த்தாலே மலை தெரியும். கடந்த பிரதோஷத்தன்று ஏறி இறங்கினேன். அன்று கண்டதையும், இந்த மலையைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்ததையும் எழுதுகிறேன்.

உங்கள் தந்தையார் ஆடியில் ஏறியதை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே கேரளப் பக்கத்தில் கொட்டிவிட்டுத்தான் இங்கே வருகிறது. தாணிப்பாறைப் பாதை கிழக்குச் சரிவில் இருப்பதால் அப்போது பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நேராக இந்தச் சரிவில்தான் வந்து மோதுகிறது. ஆகவே அவர் ஏறியதும் நீங்கள் ஏறப்போவதும் ஒரே பாதையானாலும், காலடியில் இருக்கும் நிலைமை முற்றிலும் வேறு.

தொடக்கத்தில் மாங்கனி ஓடை வரை ஏற்றம் மெதுவானதுதான். சேறு இருந்தாலும் நடந்துவிடலாம். வழுக்குப்பாறையில் மெல்லிய நீர்ப்படலம் விடாமல் வழிந்துகொண்டிருக்கிறது. நீர் வேகமாக ஓடும் இடத்தைவிட, ஓரத்தில் கசிந்து நிற்கும் கரும்பச்சை நிறமான இடத்தில்தான் பாசி பிடித்திருக்கும்; அங்கேதான் பலரும் கால் வைத்து விழுகிறார்கள். அடுத்து வரும் சங்கிலிப்பாறையில், முன்னாளில் சங்கிலியைப் பற்றிக்கொண்டு ஏறியதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். நான் போன அன்று காலையில் ஓடை நீர் கணுக்காலுக்கு மேல் இருந்தது. கோரக்கர் குகையைத் தாண்டி இரட்டை லிங்கம், பச்சரிசிப்பாறை வரையுள்ள பகுதிதான் மூச்சு வாங்கும் ஏற்றம். அங்கே ஓடையைக் காட்டிலும், உதிர்ந்த இலைகள் நனைந்து கற்களின் மேல் படிந்து கிடப்பதுதான் தொல்லை, ஏனென்றால் இலைக்கு அடியில் இருப்பது உறுதியான கல்லா, ஆடும் கல்லா என்பது காலை வைத்த பிறகே தெரிகிறது. பசுக்கிடைக்கு வந்துவிட்டால் நிலம் சற்றே சமமாகி நிழலும் கூடிவிடும். பிலாவடிக் கருப்பரை வணங்கியபின் கோவில் தொலைவில் இல்லை. நிதானமாக நடப்பவர்களுக்கு ஏறுவதற்கு 4 முதல் 5 மணி நேரம் ஆகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஏறும்போது கடந்த ஓடைகள் அனைத்தையும் இறங்கும்போது மறுபடியும் கடக்க வேண்டும், அதுவும் பிற்பகலில். இந்தப் பருவத்து மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு இறங்குகிறது. மேலே முகட்டில் பெய்யும் மழை கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தாணிப்பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். செங்குத்தான பாறைச் சரிவில் விழும் மழை மண்ணில் ஊறி நிற்க இடமில்லாமல் சிறிது நேரத்திலேயே ஓடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது; காலையில் கணுக்கால் அளவாக இருந்த நீர் மாலையில் இடுப்பளவு ஆவது இங்கே புதிய செய்தி அன்று. 2015 மே மாதத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். அது மழைக்காலம்கூட அன்று, கோடை மழை. அதற்குப் பிறகும் ஓடையின் அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்புத் துறையினரும் வனத்துறையினரும் கயிறு கட்டி மீட்ட நாட்கள் உண்டு.

தாணிப்பாறையில் வாழும் பளியர் பழங்குடிப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அடையாளங்கள் உங்களுக்கும் பயன்படலாம். தெளிந்து ஓடிய நீர் செந்நிறமாகக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, ஓடையின் சத்தம் கனத்தாலோ, கடந்துவிடலாம் என்று கணக்குப் போடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். மழை ஓய்ந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் நீர் வடியத் தொடங்கிவிடும். கலங்கிய நீரில் முழங்கால் ஆழம்கூட ஆளை இழுத்துவிடும், ஏனெனில் கால் வைக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால், கார்த்திகையை விட்டுவிட்டுத் தை அமாவாசைக்கு வாருங்கள். அதற்குள் மழை ஓய்ந்திருக்கும், ஊற்றுகளில் நீரும் இருக்கும், காடும் பச்சையாக இருக்கும்.

பசுமலை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

உழவர் அன்பர் ஓடைகளைப் பற்றி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. முழங்காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் தந்தையாருக்கு ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போதுதான் வலி என்பதைக் கவனியுங்கள். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழுவதையும் தொடைத்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டியிருக்கிறது. அது களைத்துப்போனால் சுமை முழுவதும் முழங்கால் மூட்டில் விழுகிறது. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பது இதற்குப் பயிற்சியாகாது. மலையேற்றத்தில் பலருக்கும் உடல் கைகொடுக்காமல் போவது மேலே அல்ல, இறங்கி வரும் கடைசி ஒன்றரை மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில்தான் சங்கிலிப்பாறையும் வழுக்குப்பாறையும் வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

முதலில் ஒரு எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி, வலியின் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தடை சொல்லாவிட்டால், இப்போதிலிருந்து தை மாதம் வரை வாரம் இரண்டு நாள் கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறி இறங்கச் செய்யுங்கள். பிறகு அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு நடைபாதை வழியாக ஏறி, பேருந்தில் திரும்பாமல் நடந்தே இறங்கட்டும். அன்றும் மறுநாளும் மூட்டில் வீக்கமோ வலியோ இல்லை என்றால் சதுரகிரியைப் பற்றி யோசிக்கலாம். வீங்கினால், எந்த அமாவாசையானாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

தோளுயரக் கம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். இறங்கும்போது கம்பை முதலில் ஊன்றி, அதன்பின் வலிக்கும் காலை இறக்கி, பிறகு மற்றக் காலைக் கொண்டுவர வேண்டும். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுவோரை நான் மதிக்கிறேன். ஆயினும் ஈரப் பாறையில், முழங்கால் வலியோடு, ஆழமான வரிகள் உள்ள ரப்பர் அடிக் காலணி இல்லாமல் அவர் நடப்பதை நான் ஏற்க மாட்டேன். கோவில் வாசலில் கழற்றி வைத்தால் போதும். தேய்ந்துபோன பழைய காலணி வெறுங்காலைவிட மோசம்.

உசிலம்பட்டி ஆசிரியை:

தை அமாவாசை என்ற யோசனையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதுவும் தவறிப்போனால் மாசி, பங்குனி என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள். மாசிக்குப் பிறகு புல்லும் சருகும் காய்ந்து காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடுகிறது. 2018 மார்ச்சில் எங்கள் தேனிப் பக்கத்துக் குரங்கணி மலையில் நடையாக வந்தவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்க முடியாது. தீ எச்சரிக்கை இருந்தால் வனத்துறை பாதையை மூடிவிடும். மூடியது சரியா என்று வாயிலில் நின்று வாதாடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. அதற்கு முன்பே சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காடு. யானை, கரடி, காட்டு மாடு எல்லாம் உண்டு. அதனால்தான் காலையில் வாயிலைத் திறந்து, முற்பகலோடு ஏறுவோரை நிறுத்தி, மாலைக்குள் அனைவரையும் இறங்கச் சொல்கிறார்கள். நாட்களும் நேரமும் அவ்வப்போது மாறுவதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தாணிப்பாறையில் பைகளைச் சோதிப்பார்கள். நெகிழிப் புட்டி, நெகிழிப் பை, தீப்பெட்டி எதுவும் எடுத்துச் செல்லாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் குடுவையில் இருக்கட்டும். மேலே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். புளியோதரை, கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஆகியவை போதும்.

திருமங்கலம் பயணி:

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாட்டுத்தாவணியிலிருந்து ராஜபாளையம் செல்லும் பேருந்தில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்பே கிருஷ்ணன்கோவிலில் இறங்கி, அங்கிருந்து வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்குச் செல்ல வேண்டும். அமாவாசை நாட்களில் சிறப்புப் பேருந்துகள் ஓடும். அன்று அதிகாலையில் மதுரையிலிருந்து புறப்பட்டால் வாயிலுக்கு வந்து சேரும்போதே வெயில் ஏறிவிடும். முதல் நாள் இரவே வத்திராயிருப்பிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தங்குவது நல்லது.

செல்லூர் வாசகர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன்; தை அமாவாசைக்கு மாற்றுவதற்கு அப்பாவும் அரைமனதோடு சம்மதித்திருக்கிறார். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. சாப்டூர் வழியாகப் போனால் நம் மதுரை மாவட்டத்திலிருந்தே ஏறலாம், கூட்டமும் இருக்காது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அந்தப் பாதை எப்படி? மேலும், பாதி வழியில் அப்பாவால் முடியவில்லை என்றால் எங்கே திரும்புவது சரியாக இருக்கும்?

வத்திராயிருப்பு உழவர்:

சாப்டூர்ப் பாதை பழைய பாதைதான். பேரையூர் வட்டத்து ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அறிந்தது. ஆனால் கூட்டம் இல்லாத பாதையில் உதவியும் இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்ததால் தடம் பல இடங்களில் புதர் மூடிக் கிடக்கும், யானைகளும் அந்தப் பக்கம் தாராளமாக நடமாடும். வனத்துறை பக்தர்களை முறையாக அனுமதித்துக் கண்காணிக்கும் வழி தாணிப்பாறைதான். கால் பிசகினால் தூக்கிவர நாலு பேர் உள்ள பாதையைத்தான் முழங்கால் வலி உள்ளவர் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பகத்துக்குள் அனுமதி இல்லாத வழியில் நுழைவது சட்டப்படியும் குற்றம்.

திரும்பும் இடத்துக்கு வருகிறேன். முதல் முடிவைச் சங்கிலிப்பாறையில் எடுங்கள். அங்கே நீர் முழங்காலைத் தொட்டால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். முந்தைய இரண்டு மூன்று நாட்களில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு நீர்வரத்து கூடியிருந்தால் மலையிலும் மழை பெய்திருக்கிறது என்றே கொள்ளலாம். வாயிலுக்கு வருவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள். இரண்டாவது முடிவு கோரக்கர் குகையில். காலை 6 மணிக்குப் புறப்பட்டு 9 மணிக்குள் அங்கே வந்து சேராவிட்டாலோ, அதற்குள் வலி தொடங்கியிருந்தாலோ, குகையில் வணங்கிவிட்டு அங்கிருந்தே இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் கடுமையான ஏற்றம் முழுவதையும் வலியோடு இறங்க வேண்டிவரும். கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தால், சந்தன மகாலிங்கத்துக்கு இன்னும் சிறிது ஏற வேண்டும். மதியம் 12 மணிக்கு மேல் ஆகிவிட்டால் அதை விட்டுவிட்டு இறக்கத்தைத் தொடங்குங்கள்.

இந்த மூன்று வரம்புகளையும் வீட்டில் வைத்தே அப்பாவிடம் பேசி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். மலையில் வைத்துப் பேசினால் அவர் கேட்க மாட்டார்.