'இன்ஃபர்மேஷன்' என்ற சொல்லுக்கு முன் 'ஆன்' ஏன் வரக்கூடாது?

கேள்வி:
அலுவலகக் கடிதமொன்றில் 'ஆன் இம்பார்ட்டன்ட் இன்ஃபர்மேஷன்' என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி 'ஆன்' என்பதை அடித்துவிட்டு, இது எண்ண இயலாப் பெயர்ச்சொல் என்று ஓரத்தில் குறித்திருந்தார். தமிழில் 'ஒரு தகவல்', 'மூன்று தகவல்கள்' என்று தயங்காமல் எழுதுகிறோமே, ஆங்கிலத்தில் மட்டும் அதை ஏன் எண்ண முடியாது? 'நாலெட்ஜ்' என்பதும் எண்ண இயலாதது என்றே படித்திருக்கிறேன். ஆனால் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்' சரி என்கிறார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 1:
எண்ண இயலுமா என்பதைப் பொருளைப் பார்த்துத் தீர்மானிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். நாற்காலியையும் மேசையையும் எண்ணலாம். ஆனால் அவற்றைச் சேர்த்துச் சுட்டும் 'ஃபர்னிச்சர்' என்ற சொல்லுக்குப் பன்மை கிடையாது. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'லக்கேஜ்' ஆகியவையும் அப்படித்தான். ஆங்கிலம் அவற்றைத் தண்ணீரைப் போலப் பிரிவற்ற திரளாகப் பார்க்கிறது. பிரெஞ்சு மொழியில் இதே 'இன்ஃபர்மேஷன்' பன்மை ஏற்கிறது என்பதைக் கவனித்தால், இது அந்தந்த மொழியின் வழக்கு என்பது விளங்கும். தண்ணீரைக் குவளையால் எண்ணுவதுபோல, தகவலை எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்', 'த்ரீ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்' என்று எழுத வேண்டும். பன்மை 'பீஸ்' மீதுதான் ஏறும்.

மறுமொழி 2:
ஒரே சொல் இரு பக்கமும் நிற்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 'எக்ஸ்பீரியன்ஸ்' பணி அனுபவத்தைக் குறித்தால் எண்ண இயலாதது. நமக்கு நேர்ந்த ஒரு நிகழ்வைக் குறித்தால் 'ஆன் எக்ஸ்பீரியன்ஸ்'. 'ஹேர்' என்பது தலைமுடி முழுவதும், 'எ ஹேர்' என்பது ஒற்றை இழை. ஆகவே அகராதியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே தரப்பட்டுள்ள குறியைப் பார்ப்பதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். 'நாலெட்ஜ்' சற்று விசித்திரமானது: 'குட்' போன்ற அடையால் ஒரு குறிப்பிட்ட வகை அறிவாகச் சுருங்கும்போது 'எ' ஏற்கும், ஆனால் அப்போதும் பன்மை ஏற்காது. தகவல் என்ற பொருளில் வரும் 'இன்ஃபர்மேஷன்' எந்த அடை சேர்ந்தாலும் 'ஆன்' ஏற்பதில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இவற்றுக்கு முன் 'தி' என்பதும் வரக்கூடாதா?

மறுமொழி 2:
தாராளமாக வரலாம். 'தி' எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எதைச் சொல்கிறோம் என்பது படிப்பவருக்குத் தெரியுமா என்பதையே பார்க்கிறது. 'தி இன்ஃபர்மேஷன் யூ சென்ட்' என்றால் நீங்கள் அனுப்பிய அந்தத் தகவல். உங்கள் கடிதத்தில் அத்தகவலை முதன்முறையாகச் சொல்கிறீர்கள் என்றால், முன்னால் எதுவும் சேர்க்காமல் 'இம்பார்ட்டன்ட் இன்ஃபர்மேஷன்' என்று விடுவதோ, 'சம்' சேர்ப்பதோ போதும்.