புதுப்பிப்பு: ஆன்லைன் கவுன்சிலிங், ஆறு வாரத்துக்குப் பிறகு

சீட்டுப் பணத் தகராறில் நானும் மனைவியும் பேசுவதே நின்றுவிட்டது, ஆன்லைனில் கவுன்சிலரிடம் பேசினால் பயன் இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, சேர்ந்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் எங்களுடையது ஒரே அறை வீடு, அம்மாவும் கூட. தனியாகப் பேச இடம் ஏது? முதல் வாரம் மொட்டை மாடி. கீழ் வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் அரை மணி நேரம் நகரவேயில்லை. அப்புறம் நண்பனின் ஆட்டோவுக்குள், திரையை இறக்கிவிட்டு. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் "திரும்பச் சொல்லுங்க சார்" என்பார் கவுன்சிலர் மேடம். வீடியோ திணறியதால் பாதி நாள் குரல் மட்டும்தான். எனக்கு அதுவே வசதி. முகம் தெரியாததால் அழ முடிந்தது.

யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கோபம் ஏறினால் விலகிப் போங்கள், ஆனால் எப்போது திரும்பிவந்து பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். நானோ ஒன்றும் சொல்லாமல் காசிமேடு பக்கம் நடையைக் கட்டுகிற ஆள். அவளுக்கு வலித்தது அதுதானாம்.

இடையில் ஒரு ராத்திரி தாங்கவில்லை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கு அடித்தேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசினார்கள்.

மனைவி இன்னும் சேரவில்லை. போன வாரம் மட்டும், "ஆட்டோவுல கொசு கடிக்கலையா?" என்று கேட்டாள்.