வின்செஸ்டர் 1894: அது மூன்றா, எட்டா?

மொன்டானா மாமா:
நம்ம டெக்சாஸ் தம்பி நேற்று தன் பழைய ரைபிளின் படம் ஒன்று போட்டார். "என் வின்செஸ்டர் 1894, சீரியல் நம்பர் 53,812, 1896 தயாரிப்பு, அக்மார்க் ஆன்டிக்" என்று கூடவே ஒரு வரி. ஆளாளுக்கு "சூப்பர் அண்ணே" போட்டிருக்கிறீர்கள். ஒருத்தராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உலோக உடல்) அடிப்பக்கம், முன்முனையில் அடித்திருக்கும் நம்பரில் இரண்டாவது இலக்கம் மூன்று இல்லை, எட்டு. 58,812. 1898 முடிவதற்குள் செய்த துப்பாக்கிதான் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் ஆன்டிக். நம்பர் அடித்ததைக் குறித்து வைத்த நியூ ஹேவன் தொழிற்சாலையின் பாலிஷ் அறைப் பதிவேட்டில் 1898 கடைசி நம்பர் 53,941. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் தம்பி:
மாமா, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? எல்லார் கையிலும் இருக்கிற பழைய பட்டியலில் 1896 கடைசி நம்பர் 76,464. 1898 கடைசி 147,684. அப்படிப் பார்த்தால் மூன்றானாலும் எட்டானாலும் என்னுடையது ஆன்டிக்தான். ஆனாலும் சொல்கிறேன், அது மூன்று. துப்பாக்கி என் கையில் இருக்கிறது, உங்கள் கையில் படம்தான் இருக்கிறது.

மொன்டானா மாமா:
அந்தப் பட்டியலுக்கும் பதிவேட்டுக்கும் 1898-இல் மட்டும் 93 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். தொழிற்சாலையில் அன்றன்றைக்குக் கையால் எழுதி வைத்ததை நம்புவதா, பின்னால் யாரோ தொகுத்ததை நம்புவதா? சரி, அதை விடுங்கள். எட்டுக்கு வாருங்கள்.

எண்ணெய்த்துணி:
ஒரு சந்தேகம். "செய்தது" என்று எதைச் சொல்கிறீர்கள்? ரிசீவரில் நம்பர் அடித்த நாளா, முழுத் துப்பாக்கியாகிக் கிடங்குக்கு வந்த நாளா, கடைக்கு அனுப்பிய நாளா? மூன்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். முதலில் அதைத் தீர்த்துக்கொண்டால் என்ன?

மொன்டானா மாமா:
தம்பி, அதெல்லாம் அப்புறம். அது எட்டு.

டெக்சாஸ் தம்பி:
மூன்று. அப்புறம் பட்டியல் பொய் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. 10 லட்சமாவது 1894 மாடலை 1927-இல் ஜனாதிபதி கூலிட்ஜுக்குக் கொடுத்தார்கள். பட்டியலிலும் அந்த நம்பர் அந்தக் காலத்தில்தான் வருகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மொன்டானா மாமா:
1927 பொருந்தினால் 1896-உம் பொருந்திவிடுமா? 15 லட்சமாவது ட்ரூமனுக்குப் போனது, 20 லட்சமாவது ஐசன்ஹோவருக்குப் போனது. அவர்களையும் சாட்சிக்குக் கூப்பிடுங்களேன். மூன்று ஜனாதிபதிகள் வந்து நின்றாலும் எட்டு எட்டுதான். அந்தக் கால அச்சில் மூன்றுக்கு இடது பக்கம் நன்றாகத் திறந்திருக்கும். உங்கள் படத்தில் கீழ்ச்சுழி முழுசாக மூடியிருக்கிறது, மேல்சுழியில் பாதிக்கோடு தெரிகிறது. சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள்.

பழைய இரும்பு:
பொடி தேய்த்தாலும் தெரியாது அண்ணே. அந்த ரிசீவரில் மெருகேற்றும் பஃபிங் சக்கரம் ஓடியிருக்கிறது. ஓரங்கள் எல்லாம் மழுங்கிக் கிடக்கின்றன, நம்பரின் ஆழமும் குறைந்திருக்கிறது. யாரோ மறுபடி ப்ளூயிங் (இரும்புக்குக் கொடுக்கும் கருநீல மெருகு) போட்டிருக்கிறார்கள். ஆன்டிக்கோ இல்லையோ, சேகரிப்பவர்களிடம் விலை பாதிதான்.

டெக்சாஸ் தம்பி:
யார் கேட்டது உங்களிடம் விலை? இது தொழிற்சாலை ப்ளூயிங். போன வருடம் என்னிடம் ஒரு டேங் சைட்டை (குறி பார்க்கும் கருவி) விற்றுவிட்டு அதற்குரிய திருகை அனுப்பாத மகானுபாவர் நீங்கள். கேட்டால் "வந்துகொண்டே இருக்கிறது" என்றீர்கள். இன்னும் வரவில்லை.

பழைய இரும்பு:
விளம்பரத்திலேயே "திருகு இல்லை" என்று எழுதியிருந்தேன். படிக்கத் தெரியாதவர் நம்பர் படிக்க வந்துவிட்டார்.

டெக்சாஸ் தம்பி:
எழுதவில்லை. அப்புறமாகத் திருத்திச் சேர்த்தீர்கள். பழைய படம் என்னிடம் இருக்கிறது.

எண்ணெய்த்துணி:
வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகர மியூசியத்தில்தான் வின்செஸ்டர் கிடங்குப் பதிவேடுகள் இருக்கின்றன. 1894 மாடலுக்கு 353,999 வரை உண்டு. 53,812, 58,812 இரண்டையும் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தோட்டா அளவு, பேரல் (குழல்) உருண்டையா எட்டுப்பட்டையா எல்லாம் எழுதியிருக்கும். தம்பியுடையது எட்டுப்பட்டை, 38-55 தோட்டா. எந்தப் பதிவு ஒத்துப்போகிறதோ அதுதான் நம்பர். ஒரு வாரத்தில் முடிகிற விஷயம்.

டெக்சாஸ் தம்பி:
என் துப்பாக்கிக்கு நான் எதற்குக் காசு கட்டிச் சர்டிபிகேட் வாங்க வேண்டும்? சந்தேகப்படுகிறவர் கட்டட்டும்.

மொன்டானா மாமா:
எனக்குச் சந்தேகமே இல்லையே! நான் ஏன் கட்ட வேண்டும்? அதோடு பேரலை மாற்றியிருந்தால் பதிவேடு பொருந்தாமல் போகும். பொருந்தாவிட்டால் தம்பி உடனே "பேரல் மாற்றியது" என்பார், பொருந்தினால் "பார்த்தீர்களா" என்பார். இந்த ஆட்டத்தை நான் நிறைய பார்த்துவிட்டேன். கண்ணுக்கு நேரே இருக்கிறது எட்டு.

பழைய இரும்பு:
மாமா, போன தடவை மார்லின் துப்பாக்கி விவகாரத்தில் நீங்கள் இப்படித்தான் பிடிவாதம் பிடித்தீர்கள். அங்கே ஆறு, ஒன்பது.

மொன்டானா மாமா:
அதுவும் ஒன்பதுதான். அன்றைக்கும் நான்தான் சரி, மட்டுறுத்துநர் விவாதத் திரியைப் பூட்டிவிட்டார். இதோ தம்பியின் படத்தையே நான்கு மடங்கு பெரிதாக்கிப் போட்டிருக்கிறேன். சிவப்பு வட்டம் போட்ட இடத்தைப் பாருங்கள்.

டெக்சாஸ் தம்பி:
அது அழுக்கு.

மொன்டானா மாமா:
அழுக்கு இவ்வளவு அழகாகச் சுழி போடுமா?

எண்ணெய்த்துணி:
துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாமே. அழுக்கென்றால் வந்துவிடும்.

டெக்சாஸ் தம்பி:
துடைக்க மாட்டேன். நூறு வருடப் பட்டினா அது, காலத்தால் படிந்த நிறம். துடைத்தால் உடனே "பார், மெருகேற்றிவிட்டான்" என்று பழைய இரும்பு வருவார்.

பழைய இரும்பு:
வருவேன். ஏற்கெனவே பஃபிங் ஓடிய இடத்தில் பட்டினா எங்கிருந்து வந்தது என்றும் கேட்பேன்.

டெக்சாஸ் தம்பி:
திருகை அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

மொன்டானா மாமா:
திருகுச் சண்டைக்குத் தனித் திரி தொடங்குங்கள். இங்கே பேசுவது எட்டைப் பற்றி. இன்னொரு படம் வெட்டி எடுத்திருக்கிறேன், ராத்திரி போடுகிறேன்.