4x4 போட்டும் முன் சக்கரம் சுற்றவில்லை, எங்கிருந்து தேடுவது?

கேள்வி:
1998 ஷெவ்ரோலே எஸ்-10 பிக்கப், 4.3 வி6, பட்டன் வகை 4x4. 4ஹை (நாலு சக்கரத்துக்கும் இழுவை தர்ற பட்டன்) அழுத்தினால் அடியில் டக்கென்று சத்தம் வருது, முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சுற்றுது. ஆனா பனியில பின் சக்கரம் மட்டும்தான் சுழலுது. ஃபியூஸ் சரியா இருக்கு. ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் (சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் அனுப்புற பெட்டி) பிரிக்கணுமா?

பதில்:
பிரிக்காதீங்க. முன் ஷாஃப்ட் சுற்றுதுன்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செஞ்சிடுச்சு. இந்த வண்டியில முன் ஆக்சிலின் வலது பாதி தனியா இணையணும். பேட்டரி ட்ரேக்கு அடியில இருக்கிற வேக்குவம் ஆக்சுவேட்டர் (எஞ்சினோட உறிஞ்சு விசையால இயங்குற டப்பா) ஒரு கேபிளை இழுத்தாத்தான் அது சேரும்.

முதல்ல ஹீட்டரைப் போடுங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்று முன் கண்ணாடிக்கே போச்சுன்னா வேக்குவம் எங்கேயோ கசியுது. அடுத்து ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி, ஐடிலில், 4ஹையில் வேக்குவம் கேஜ் வையுங்க. 15 அங்குலத்துக்கு (பாதரச அளவு) குறையாம காட்டணும். காட்டினா கோளாறு ஆக்சுவேட்டர்லயோ கேபிள்லயோ இருக்கு. காட்டலைன்னா ஹோஸ்லயோ, ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருக்கிற வேக்குவம் சுவிட்ச்லயோ இருக்கு.

இன்னொரு பதில்:
கேஜோட நிறுத்தாதீங்க. 4ஹையில் விட்டு எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க. கைப்பம்ப்பால ஆக்சுவேட்டருக்கு 15 அங்குலம் கொடுத்து வலது சக்கரத்தை மெதுவா அசைங்க. பல் நேருக்கு நேர் வந்தாத்தான் ஆக்சில் பாதியை இணைக்கிற காலர் (பல் வளையம்) உள்ளே போகும். இணைஞ்சிருந்தா இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். அசையாம நின்னா கேபிள் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். பம்ப் முள்ளு கீழே இறங்கிட்டே இருந்தா ஆக்சுவேட்டருக்குள்ள இருக்கிற டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) ஓட்டை. மேலேயிருந்து பேட்டரி அமிலம் சொட்டி அரிக்கிற இடம் அது.

கேட்டவர்:
கேஜ் 4 அங்குலம்தான் காட்டுது. ஹோஸ் முனையைத் துடைச்சா விரல்ல சிவப்பா எண்ணெய் ஒட்டுது.

பதில்:
அப்போ சுவிட்ச்தான். அதோட சீல் போயிடுச்சு, எஞ்சின் வேக்குவம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெயை உறிஞ்சி ஹோஸ் வழியா இழுக்குது. சுவிட்சை விட்டுட்டு ஆக்சுவேட்டரை மட்டும் மாத்தினா புதுசும் எண்ணெயில ஊறிக் கெட்டுப்போகும், ஹீட்டர் கன்ட்ரோலும் தப்பாது. சுவிட்ச், ஊறி உப்பிப்போன ரப்பர் முனைகள் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்துங்க. பிளாஸ்டிக் குழாயை ஊதி எண்ணெயை வெளியே தள்ளுங்க. ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல எண்ணெய் குறைஞ்சிருக்கும். நிரப்பும் துளையோட கீழ் விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. ஓட்டிப் பார்க்கிறது சரளைக்கல் பாதையில இருக்கட்டும், காய்ஞ்ச தார் ரோட்டுல வேண்டாம்.